மாத்திரைக்கும் மீனுக்கும் நடுவே

9 ஜூன் 2025, திங்கள்

இந்த நோட்டை மெஹக் கொடுத்தாள். வாரம் ஒருநாள் வீட்டுக்கு வந்து அவருக்கு நடைப்பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண். உருது பேசுகிற வீட்டுப் பெண், ஆனால் தமிழ் நம்மைவிடச் சுத்தம். நோட்டின் முன்பக்கம் முழுக்க அவளே கட்டம் போட்டுத் தந்திருக்கிறாள். மாத்திரை கொடுத்த நேரம், மருந்து பிடித்துக் கால் வந்த நேரம், கால் மறுபடி கட்டிக்கொண்ட நேரம், விழுந்தாரா. "தெனமும் எழுதுங்க ஆன்ட்டி, டாக்டர் இதப் பார்த்துதான் மருந்த முடிவு பண்ணுவாரு" என்றாள்.

சரி, எழுதுகிறேன். ஆனால் கட்டத்துக்குள் எவ்வளவுதான் எழுதுவது? நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து எனக்கென்று எழுதலாம் என்று தோன்றியது. ஜான்சி, பன்னிரண்டாவது பாஸ், லூப் ரோட்டில் மீன் விற்பவள். முப்பது வருடமாகப் பேனாவைத் தொட்டதே ரேஷன் கடைக் கையெழுத்துக்குத்தான். வீட்டுக்காரர் லாசர், வயது அறுபத்தொன்று. நடுக்கம் வந்து, அதற்குப் பார்க்கின்சன் என்று பெயர் தெரிந்து நாலு வருடம். எனக்கே தெரிந்ததை எனக்கே எதற்குச் சொல்கிறேன்? யாருக்கோ சொல்கிற மாதிரி இருந்தால்தான் கை ஓடுகிறது.

இன்றைக்குச் சமையலறை வாசலில் பதினோரு நிமிடம் நின்றார். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. "காலு ரெண்டும் சிமெண்ட்ல நட்டு வெச்ச மாதிரி கீது ஜான்சி" என்றார். அலை ஆளுயரத்துக்கு எழும்பும்போது ஃபைபர் படகின் நுனியில் கையை விட்டுவிட்டு நின்று வலை இழுத்த மனுஷன். ஒரு வாசற்படியைத் தாண்ட முடியவில்லை.

12 ஜூன், வியாழன்

இரண்டு மணி மாத்திரைக்குச் சுறாப் புட்டு. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டுகிறது என்று ஆரம்பத்திலேயே சொன்னபோது, "சாப்பாட்டோட குடுங்க" என்றார் டாக்டர். நான் அதை ஒழுங்காகச் செய்கிறேன். ஆறு மணிக்கு முட்டையோடு ஒன்று, பத்து மணிக்குக் கடையிலிருந்து ஓடிவந்து வஞ்சிரமோ சங்கராவோ ஒரு துண்டு மீனோடு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, மாலை ஆறுக்குப் பாலோடு ஒன்று. உடம்பில் தெம்பு இருந்தால்தானே கால் எழும்? மீன் வெட்டி விற்கிற என் பலகையில் இருக்கிற நல்ல துண்டை முதலில் எடுத்து இலையில் மடித்து வைத்துவிடுவேன். பக்கத்துப் பலகை பச்சையம்மா சும்மா இருக்க மாட்டாள். "புருசனுக்குச் சதை, வாங்க வர்றவனுக்கு முள்ளா?" என்பாள்.

புட்டு சாப்பிட்டுவிட்டு இரண்டிலிருந்து ஐந்து வரை நாற்காலியை விட்டு எழவே இல்லை. கால் வந்த நேரம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

17 ஜூன், செவ்வாய்

மூன்று முறை விழுந்தார். கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

24 ஜூன், செவ்வாய்

ஆஸ்பத்திரி. டாக்டர் அவரை நிற்க வைத்து, பின்னால் போய், தோளைப் பிடித்து லேசாக ஓர் இழுப்பு இழுத்தார். சின்னக் குழந்தைகூடச் சமாளிக்கும். இவர் அப்படியே மரம் மாதிரி டாக்டர் மேலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் எல்லோர் முன்னாலும் மானம் போன மாதிரி இருந்தது.

"மாத்திரை நேரத்துக்குக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு நிமிஷம் தப்பாது சார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஒவ்வொரு வேளையும் ஒன்று என்று இருந்ததை ஒன்றரையாக்கிவிட்டார்.

மாலை மகள் ஜெனிதா நந்தனத்திலிருந்து வந்தாள். "மா, நைனாவத் தனியா வுட்டுட்டு நீ காலீல கடைக்குப் போறது சரியில்ல. கக்கூசுக்குப் போறச்சொல்ல வுழுந்தார்னா யாரு பாக்கறது?" என்றாள். அவள் சொல்வது தப்பில்லை. அவர் தானாக எழுந்து கக்கூசுக்குப் போய் வருகிறவரை நான் மீன் விற்கலாம். அது நின்றுபோனால் நான் பலகையை விட வேண்டும். பலகையை விட்டால் நான் யார்? இந்த இரண்டாம் மாடி வீட்டுக்குள் காலைமுதல் மாலைவரை இவர் முகத்தை நானும் என் முகத்தை இவரும் பார்த்துக்கொண்டு கிடப்பதா? இப்படி எழுதுவது பாவம்தான். ஆனால் உண்மை.

3 ஜூலை, வியாழன்

ஒன்றரை ஆகி ஒன்பது நாள். பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் ஏதோ சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேலி செய்தாராம். அவரே சொன்ன பிறகுதான் தெரிந்தது. இந்த வியாதி முகத்தையும் பிடித்துக்கொள்கிறது. சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

மெஹக் எப்போதும் பதினொரு மணிக்கு வருவாள். இன்றைக்கு ஏதோ வேலை என்று இரண்டு மணிக்கு வந்தாள். நான் புட்டை உருட்டி, உருண்டைக்குள் மாத்திரையை வைத்து அவர் வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

கதவருகிலேயே நின்றுவிட்டாள். "ஆன்ட்டி, தெனமும் இப்படித்தானா?"

"இல்லம்மா, சில நாளு குழம்பு மீனு" என்றேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சொன்னாள். மீனிலும் முட்டையிலும் பாலிலும் இருக்கிற புரோட்டீனும் இந்த மாத்திரையும் உடம்புக்குள் ஒரே வாசல் வழியாகத்தான் போகுமாம். சேர்த்துக் கொடுத்தால் மீன் முந்திக்கொள்ளுமாம். மாத்திரை வெளியிலேயே நிற்குமாம்.

"அப்ப மீனு வெசமா?" என்று கேட்டேன். சண்டைக்குத்தான் கேட்டேன்.

"மீன் ரொம்ப நல்லது ஆன்ட்டி. நேரம்தான் தப்பு. குமட்டலுக்கு ரெண்டு பிஸ்கட் குடுத்து மாத்திரையப் போடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுச் சாப்பாடு. மீன ராத்திரிக்கு வெச்சுக்கோங்க."

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். "இத டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். கால் வரலன்னுதான் அவர் டோஸ் ஏத்தினாரு. இனிமே மாத்திரை முழுசா ஏறும். ஒன்றரை அதிகமாயிடலாம். தலை சுத்தல், உடம்பு தானா அசையறது, இதெல்லாம் பாருங்க."

சரி சரி என்றேன். அவள் போன பிறகு அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருசம். நாலு வருசமா நல்ல துண்டா பாத்துப் பாத்து எடுத்து, என் கையாலயே வாய்ல வெச்சு, அந்த மனுசன் காலக் கட்டிப் போட்டு வெச்சிருக்கேன். வேற எவளாவது பண்ணுவாளா இத? ஒரு பருப்புச் சோறு திங்கிற வீட்டுல பொறந்திருந்தா இவ்ளோ ஆயிருக்குமா?

9 ஜூலை, புதன்

பகலில் மீன் இல்லாத முதல் நாள். ரசம் சாதம், உருளைக்கிழங்கு. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றார்.

14 ஜூலை, திங்கள்

இரண்டு மணிக்கு மாத்திரை. இரண்டு நாற்பதுக்குக் கால் வந்தது. நாற்காலியிலிருந்து தானாக எழுந்தார். சமையலறை வாசல், அங்கிருந்து பால்கனி, திரும்பச் சமையலறை. நிற்கவே இல்லை. நான் கையில் கரண்டியோடு பின்னாலேயே போனேன். "இன்னாடி, என்னை அடிக்க வர்றியா?" என்றார்.

முன்பக்கக் கட்டத்தில் 2.40 என்று பெரிதாக எழுதினேன்.

20 ஜூலை, ஞாயிறு

படி இறங்கிக் கோயிலுக்கு வந்தார். நான் ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம். பூசை முடிந்து லூப் ரோடு வழியாக வந்தோம். படகுகள் இருக்கிற இடத்தில் மணலுக்குள் இறங்கி, தன் அண்ணன் மகன் ஓட்டுகிற படகின் பக்கத்தில் நின்றார். பச்சையம்மா பலகையிலிருந்து கத்தினாள்: "இன்னா லாசர் அண்ணே, மாப்ள கணக்கா வர்ற?" இவர் கையைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் கழுவுகிற தண்ணீரில் முகத்தையும் கழுவிக்கொண்டேன்.

25 ஜூலை, வெள்ளி

மெஹக் கேட்டாள். "டாக்டர்கிட்ட பேசினீங்களா?" அடுத்த வாரம் போகிறேன் என்றேன். போன் செய்து சொல்லலாமே என்றாள். செய்யவில்லை.

சொன்னால் என்ன ஆகும்? குறைத்துவிடுவார். குறைத்தால் கால் போய்விடும். நாலு வருடத்துக்குப் பிறகு வந்த கால். கொஞ்சநாள் நடக்கட்டுமே. அதிலும், நான்தான் மீனைக் கொடுத்து மருந்தைக் கெடுத்தேன் என்று அத்தனை பேர் நிற்கிற அறையில் எப்படிச் சொல்வது? ஒரு நிமிஷம் தப்பாது சார் என்று சொன்ன வாய்தானே இது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

மாத்திரை வாங்க நான் மட்டும் போனேன். டாக்டர் நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினார். "ஒன்றரை நல்லா வேலை செய்யுதே. தலை சுத்தல் உண்டா? கை கால் தானா ஆடுதா?"

"இல்ல சார்."

உண்டு. ஒரு வாரமாக உண்டு. உட்கார்ந்திருக்கும்போது தோளும் கழுத்தும் தானாக நெளிகிறது, நங்கூரம் போட்ட படகு அலையில் ஆடுகிற மாதிரி. எழுந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடிக்கிறார். கட்டத்தில் அதற்கு இடம் இல்லை, அதனால் எழுதவில்லை. நல்ல சாக்கு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "தலை சுத்துறதச் சொன்னியா?"

"சொன்னேன். ஒண்ணும் இல்லன்னாரு."

எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்.

11 ஆகஸ்ட், திங்கள்

மெஹக்கிடமும் சொல்லிவிட்டேன், டாக்டருக்கு எல்லாம் தெரியும் என்று. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த நெளிவு, மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வருகிறது. அவள் வரும் நாளில் பத்து மணி மாத்திரையை முக்கால் மணி நேரம் தள்ளிக் கொடுக்கிறேன். அவள் போகும்வரை அது தெரிவதில்லை. இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது?

16 ஆகஸ்ட், சனி

"எழுந்து ஒடனே நடக்காத, கொஞ்சம் குந்திக்கினு அப்பறமா எழுந்திரு" என்று பத்து தடவை சொல்லிவிட்டுப் போனேன். தலையாட்டினார். இந்த முறை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்கு எப்போதும் போல நடந்தே போகலாம் என்கிறார்.

21 ஆகஸ்ட், வியாழன்

பதினொரு மணி. பத்து மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பலகைக்குத் திரும்பியிருந்தேன். வவ்வால் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பெண் ஓடிவந்தாள். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். கை கழுவக்கூட இல்லை.

சட்டை மாட்டிக்கொண்டு, நான் இருக்கிற இடத்துக்கு வரலாம் என்று கிளம்பியிருக்கிறார். தானாக. ஆச்சரியப்படுத்த. மாடிப்படியின் மேல் படியில் நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். ஏழு படி உருண்டிருக்கிறார்.

நான் போய்ப் பார்த்தபோது இடது கால் வேறு யாருடையதோ மாதிரி திரும்பிக் கிடந்தது. தோள் மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. அந்த வலியிலும் அது நிற்கவில்லை.

22 ஆகஸ்ட்

இடுப்பு எலும்பு.

29 ஆகஸ்ட், வெள்ளி

திங்கட்கிழமை ஆபரேஷன் ஆனது. இன்றைக்குக் கொடியேற்றம். காவித் துணி கட்டிக்கொண்டு சாந்தோம் ரோடு முழுக்க ஜனம் நடந்து போகிறதாம், ஜெனிதா வந்து சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். "நீ போய்ட்டு வா" என்றார் என்னிடம். நான் எந்த முகத்தோடு போவேன்?

6 செப்டம்பர், சனி

நடுக்கத்துக்குப் பார்க்கிற டாக்டர் வார்டுக்கு வந்தார். படுத்திருந்த இவரைப் பார்த்தார், நெளிவைப் பார்த்தார். நோட்டைக் கேட்டார். கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். வெளியே வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மீன், புட்டு உருண்டை, மெஹக் சொன்னது, தலைசுற்றல், நான் இல்லை சார் என்றது.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு மாத்திரைக்கே நடந்திருப்பாரும்மா" என்றார்.

ஒரு மாத்திரைக்கே. குறைத்தால் கால் போய்விடும் என்று நான்தான் நினைத்தேன். மீன் நேரத்தை மாற்றினதே போதுமாக இருந்திருக்கிறது. பழைய ஒரு மாத்திரையே போதுமாக இருந்திருக்கிறது. தலை சுத்தியிருக்காது. படியில நின்னிருப்பாரு. கீழ எறங்கி என் பலகையாண்ட வந்து நின்னிருப்பாரு.

எத்தனை தடவை எழுதினாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

20 செப்டம்பர், சனி

வீடு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துப் படகுக்காரர்கள் நாலு பேர் இரண்டு மாடி தூக்கிவந்தார்கள். "நம்ப அண்ணன் இன்னா வெயிட்டு" என்று சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். அவர்களோடு ஒரே படகில் போனவர். கண்ணை மூடிக்கொண்டே வந்தார். மாத்திரை மறுபடி ஒன்று. நெளிவு நின்றுவிட்டது. காலும் நின்றுவிட்டது.

23 செப்டம்பர், செவ்வாய்

மெஹக் வந்தாள். எதையும் கேட்கவில்லை. தரையில் கலர் டேப்பைக் கோடு கோடாக ஒட்டினாள். கோட்டைத் தாண்டு என்றால் கட்டிக்கொண்ட காலும் சில சமயம் எழுமாம். நானும் அவளும் அக்குளில் கைகொடுத்து நிறுத்தினோம். இடது காலை ஊன்றச் சொன்னால் ஊன்ற மாட்டேன் என்கிறார். பயம். இடுப்பைவிடப் பயம்தான் பெரிதாக இருக்கிறது. ஓர் அடி வைத்தார். அடுத்த கோட்டுக்குக் கால் வரவில்லை.

அவள் கிளம்பும்போது, "நான் பொய் சொன்னேம்மா" என்றேன். "தெரியும் ஆன்ட்டி" என்றாள். "நானே போன் பண்ணியிருக்கணும்." அவள் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துப் பாரத்தை ஏற்றிவிட்டேன்.

14 அக்டோபர், செவ்வாய்

நாலு அடி. இரண்டு பேர் பிடித்து. போன வாரமும் நாலு. அதற்கு முந்தைய வாரமும் நாலு.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஜெனிதா போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். மழை. முதுகில் புண் வர ஆரம்பித்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் புரட்டிப் போட வேண்டும். தானாகப் புரள இப்போது அவரால் ஆவதில்லை. எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை, எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். காலையில் அவரையே அதட்டிவிட்டேன், கஞ்சியைச் சட்டையில் சிந்தினதற்கு. அவர் "சாரி" என்றார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டதில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம்.

18 நவம்பர், செவ்வாய்

இன்றைக்குச் சொல்லிவிட்டேன். பத்து மணி மாத்திரை போட்டு, வாய் கொஞ்சம் தெளிவாகிற நேரம். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். டாக்டர் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை, அவர் கேட்டும் நான்தான் மறைத்தேன் என்று. ஒரு மாத்திரைக்கே நடந்திருப்பீங்கன்னு டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கலாமோ?

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோபமா, வெறுப்பா, ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் இனி நான் எதையும் படிக்க முடியாது. குரலும் சின்னதாகிவிட்டது, காதை வாயருகே கொண்டுபோனேன்.

"அந்த மெஹக் பொண்ணுகிட்ட நானே சொல்லிருக்கலாம்ல. தலை சுத்துதுன்னு."

அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டேன்.

"கேட்டுச்சு அது. ஒண்ணும் இல்லன்னுட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "நடந்துக்கினு இருந்தேன்ல. அத்த வுட மனசு வர்ல."

அப்போ நாங்கள் இரண்டு பேரும்தான். ஒருத்தருக்குத் தெரியாமல் இன்னொருத்தர். ஒரு வீட்டுக்குள். இது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் போதுமே என்றுதான் தோன்றுகிறது.

30 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்து ஜெனிதா கடையில் அப்பம் வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் போன பிறகு பச்சையம்மா வந்தாள். மூன்று மாதமாக என் இடத்தையும் சேர்த்து அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், தன் பலகையை விரித்துப் போட்டு வேறு யாரும் வந்து உட்காராமல். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"யக்கா, கோச்சிக்காத. அல்லாரும் கேட்டுக்கினே கீறாங்க. கிறிஸ்மஸ் கழிச்சாச்சும் வர்றியா? வர்றன்னு ஒரு வார்த்த சொல்லு, எம்மா நாளுன்னாலும் புடிச்சு வெச்சுக்கறேன்."

அவளுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வந்தது, அடுப்பை அணைத்தேன்.

"இல்ல பச்சையம்மா. நீயே வெச்சுக்க" என்றேன்.

"இன்னாக்கா..."

"வர மாட்டேன். நீயே வெச்சுக்க. எவளுக்கும் குடுத்துடாத."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் இந்த வீடு சின்ன வீடு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீயைக் குடிக்காமலே போய்விட்டாள். நான் கட்டில் பக்கம் வந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றுகொண்டிருந்தார். ஒரு கை போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, தோள் கொஞ்சம் எழுந்து எழுந்து விழுந்தது. கண்ணிலிருந்து காதுக்குள் தண்ணீர் போயிருந்தது. நான் பார்க்கக் கூடாது என்றுதான் அந்தப் பக்கம் புரளப் போராடுகிறார்.

இடுப்புக்குக் கீழே ஒரு கையும் தோளுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து, நானே அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன்.